முப்பதைக் கடந்தவர்க்கு ஏற்ற அன்றாட உடை

நம் குடும்பங்களில் முப்பது வயதைக் கடந்த கணவன் மனைவியரின் துணி அலமாரியைத் திறந்து பார்ப்போமாயின், அதனுள் இரண்டே வகை ஆடைகளைக் காண்போம். மேல்தட்டில் திருமணத்தின்போது எடுத்த பட்டுச்சேலையும் பட்டுவேட்டியும், யாரோ உறவினர் வீட்டு விசேஷத்திற்கெனக் கடன் சொல்லி எடுத்த சரிகைத் துணிகளும், பாச்சை உருண்டை மணத்துடன் மடித்து வைக்கப்பட்டிருக்கும். கீழ்த்தட்டில் சாயம் வெளுத்த கைலிகளும், கழுத்து தொய்ந்த பனியன்களும், தோள்பட்டை கிழிந்த நைட்டிகளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு தட்டு இருக்கிறதல்லவா? அது பிள்ளைகளின் துணிகளால் நிரம்பி வழியும்.

இந்த நடுத்தட்டைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறோம். குடும்ப இதழில் துணிமணி பற்றிப் பங்குத் தந்தை எழுதுவதா எனச் சிலர் புன்னகைக்கலாம். ஆனால் வீடு சந்திக்கச் செல்லும் போதெல்லாம் நாம் கேட்கும் குறைகளில் இதுவும் ஒன்று. அதுவும் வேறொரு பெயரில் வருகிறது. பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்திற்கு ஏன் போகவில்லை என ஒரு தாயாரைக் கேட்டோம். முதலில் வேலை என்றார்; பின்னர், தயங்கித் தயங்கி, "கட்டிக்கிட்டுப் போக ஒண்ணுமில்லீங்க சாமி. இருக்கிறது பட்டு, இல்லாட்டி இந்த நைட்டி. பட்டு கட்டிக்கிட்டுப் போனா சிரிப்பாங்க" என்றார். அவருடைய மகளோ அப்பள்ளியில் நன்றாகப் படிப்பவள். தாய் வராததன் காரணத்தை அச்சிறுமி ஆசிரியைக்கு எவ்வாறு விளக்கியிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தோம். உடை சிறு காரியந்தான். ஆனால் ஒரு தாயைப் பள்ளி வாயிலில் நுழையவிடாமல் நிறுத்தி வைக்கும் அளவுக்கு அது பெரிதாகி விடுகிறது.

செஞ்சி நகர் துணிக்குப் புதிய ஊரன்று. 1597-ஆம் ஆண்டில் இயேசு சபையின் பார்வையாளராக இங்கு வந்த நிக்கோலாஸ் பிமெந்தா அடிகளார், அந்நாளைய நாயக்க மன்னர் கிருஷ்ணப்பரைக் கண்டதைப் பற்றி எழுதி வைத்துள்ளார். மன்னர் பட்டு விரிப்பின்மேல் நீண்ட பட்டாடை அணிந்து, திண்டுகளில் சாய்ந்து வீற்றிருந்தாராம். 1608-இல் டச்சுக்காரர் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள இந்தச் செஞ்சி நாயக்கரிடமே அனுமதி பெற்றனர். 1690-இல் ஆங்கிலேயர் அதே இடத்தை அப்போது செஞ்சியில் ஆட்சி புரிந்த மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். அந்த வெள்ளையர் இத்தனை தொலைவு கடல் கடந்து வந்ததற்கு முதற்காரணம் நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியே. தறியில் நெய்த சாதாரணத் துணிக்காக உலகமே தேடி வந்த பகுதியில் வாழும் நாம், இன்று சாதாரண உடைக்கு வழி தெரியாமல் திகைப்பது வியப்பே.

மற்றொன்றையும் கவனியுங்கள். நமக்கு வடக்கே ஆரணி, பட்டுக்குப் பேர்பெற்றது. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே சிறுவந்தாடு பட்டுச்சேலைக்குப் புகழ் பெற்றது. ஆண்டுக்கு இரண்டு நாள் உடுத்தும் பட்டு நம்மைச் சுற்றிலும் நெய்யப்படுகிறது. ஆண்டின் மற்ற நாள்களில் உடுத்தும் துணி பெரும்பாலும் திருப்பூர், ஈரோடு எனத் தொலைவிலிருந்து வந்து காந்தி பஜாரில் தொங்குகிறது. ஆகையால் பட்டைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த அளவுக்கு அன்றாடத் துணியைத் தேர்ந்தெடுக்க நம் மக்களுக்குத் தெரிவதில்லை. பட்டு எடுக்க மூன்று தலைமுறையும் கூடிச் சென்று அரைநாள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆண்டு முழுதும் உடலோடு ஒட்டிக் கிடக்கும் உடையைச் சந்தைக்குப் போகிற போக்கில் பேருந்துக்கு நேரமாகிறதென்று அள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

முப்பது வயதுக்கெனத் தனியாக ஓர் இடர் உண்டு. இருபதில் எதை உடுத்தினாலும் பொருந்தியது. அறுபதில் யாரும் கேட்கப் போவதில்லை. இடைப்பட்ட இப்பருவத்தில்தான் உடல் மாறத் தொடங்குகிறது. ஆடவருக்கு இடுப்பு அகலுகிறது. திருமணத்தன்று தைத்த காற்சட்டையின் பொத்தான் இரண்டு அங்குலம் விலகி நிற்கிறது. பெண்களுக்கு இரண்டு பேறுகாலம் கடந்து தோளும் வயிறும் வேறு வடிவம் கொள்கின்றன. பழைய ரவிக்கை ஒன்றும் சேர்வதில்லை. அதே வேளையில் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்துச் செலவு, வீட்டுக் கடன் யாவும் ஒன்றுகூடி வந்து நிற்கின்றன. எனவே தமக்கெனத் துணி எடுப்பதையே ஒத்திப் போடுகிறார்கள். ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, ஒருநாள் திடீரென ஏதேனும் அழைப்பு வரும்போது தவணைக்கு வாங்கி விடுகிறார்கள். ஐந்து ஆண்டு சிக்கனம் அந்த ஒரே மாலையில் கரைந்துபோவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

வேறொரு சாராரும் உளர். வயது ஏறுவதை ஒப்புக்கொள்ள மனமின்றி, கல்லூரி மாணவர் உடுத்தும் முழங்கால் கிழிந்த ஜீன்ஸும், உடலை இறுக்கிப் பிடிக்கும் டீ-ஷர்ட்டும் அணிந்து வருவோர் அவர்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் நம் கோட்டை, மராட்டிய அரண்களுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மலையேற வருவோர் அரைக்கால் சட்டையுடன் வருகின்றனர். ராஜகிரியின் படிகளை ஏற அதுவே வசதி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதையே அணிந்து ஒருவர் தம் மாமனாரின் துக்க வீட்டுக்கு வந்து நின்றதையும் கண்டோம். டீ-ஷர்ட்டில் அச்சிட்ட ஆங்கில வாசகத்தின் பொருள் அறியாமல் அணிந்து கொண்டு, நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும் நல்ல மனிதரும் நம் பங்கில் உண்டு. பொருள் அறிந்தால் அன்றே அதைத் தரை துடைக்கப் போட்டு விடுவார்! எழுத்துள்ள துணியை வாங்குமுன் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அல்லது எழுத்தே இல்லாததை வாங்குங்கள், விலையும் குறைவாக இருக்கும்.

புனித பிரான்சிஸ் சலேசியார் இல்லறத்தாருக்காக எழுதி 1609-இல் வெளிவந்த நூலில் உடைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியுள்ளார். வயது, நிலை, இடம், நேரம் ஆகியவற்றுக்கு ஏற்ப உடை மாறவேண்டும் என்பது அவருடைய கருத்து. அழுக்கும் கந்தலுமாக இருப்பதை அவர் பக்தி என்று ஏற்கவில்லை. வயது சென்றவர் இளையோர்போல் அலங்கரித்துக் கொள்வதையும் அவர் ரசிக்கவில்லை. நானூறு ஆண்டுக்கு முந்தைய ஐரோப்பிய ஆயர் ஒருவர் நம் அலமாரியின் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் ஒருசேரப் பார்த்துவிட்டார் போலும்.

இனி நைட்டியைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் தோக்கலபள்ளி என்னும் சிற்றூரில், பகல் வேளையில் நைட்டியுடன் வெளியே வரும் பெண்ணுக்கு ரூ. 2,000 தண்டம் என ஊர்ப் பெரியவர்கள் விதித்த செய்தி நாடெங்கும் பரவியது. காட்டிக் கொடுப்போருக்கு ரூ. 1,000 பரிசு என்றும் அறிவித்திருந்தார்களாம். நம் ஊர்ப் பெரியவர் சிலரும் அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார்கள். நாம் மகிழவில்லை. அந்தப் பெண் ஏன் நைட்டியை விடாமல் அணிகிறாள் எனக் கேட்டிருக்க வேண்டாமா? பாறை மலைகள் சூழ்ந்த நம் ஊரின் கோடையில் விறகும் கேஸும் எரியும் அடுப்படியில் ஐந்தரை மீட்டர்ச் சேலையைச் சுற்றிக் கொண்டு நின்று பார்த்தவருக்கே அதன் அருமை தெரியும். பிள்ளைக்குப் பாலூட்டவும், குழாயடியில் குனிந்து நிமிரவும், துவைத்து ஒரே கொடியில் உலர்த்தவும் அது எளிது, விலையும் மலிவு. தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அதனோடே கடைக்கும் ரேஷனுக்கும் போகிறார்களெனில், மாற்றிக்கொள்ள நடுத்தட்டில் வேறொன்றும் இல்லை என்பதே காரணம். தண்டம் விதிப்பதைவிட அவ்வீட்டுத் தலைவர் இரண்டு பருத்திச் சுடிதார் வாங்கித் தந்திருக்கலாம்.

சுடிதார் என்றதும் மாமியார்மார் முகம் சுளிப்பது நமக்குத் தெரிகிறது. "கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெத்தவளுக்குச் சுடிதார் எதுக்கு?" என்னும் கேள்வியால் இரண்டு வீடுகளில் பேச்சுவார்த்தையே நின்று, நாம் இடையில் அமர வேண்டி வந்தது. 2019-இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை விதிகளில், பெண்கள் சேலையுடன் துப்பட்டாவோடு கூடிய சுடிதாரும் சல்வார் கமீஸும் அணியலாம் என்றே குறித்தது. கோட்டையில் கோப்பு பார்க்கும் அம்மையாருக்குத் தகும் உடை, செஞ்சியில் மொபெட் ஓட்டிப் பிள்ளையைப் பள்ளியில் விடும் மருமகளுக்கும் தகும். சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கிக் காயமுறுவோரைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். அதையும் மாமியார்மார் நினைத்துப் பார்க்கட்டும். முழங்காலுக்குக் கீழ் வரும் மேலாடை, மிகத் தளர்வுமின்றி இறுக்கமுமின்றித் தைத்தது, அடர் நிறம் அல்லது சிறு பூப்போட்டது. முப்பதைக் கடந்தவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சேலையே பிடிக்கும் என்பாருக்கு, கரையில் மட்டும் நிறம் கொண்ட கைத்தறிப் பருத்திச் சேலைகள் இரண்டு இருந்தால், பள்ளிக்கும் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாற்றி மாற்றி உடுத்தலாம். கஞ்சி போட நேரமில்லை என்பது நியாயமான குறையே. அத்தகையோர் பருத்தியோடு சிறிது செயற்கை இழை கலந்ததை எடுத்துக்கொள்ளட்டும்.

ஆடவருக்கு வருவோம். வீட்டில் கைலி இருக்கட்டும். அதற்கு நிகரான உடை நம் தட்பவெப்பத்திற்கு இல்லை. குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் நெய்யும் கைலி கடல் கடந்து விற்பனையாகிறது. ஆயினும் கைலி வாசற்படியோடு நிற்கவேண்டிய உடை. வாசலைத் தாண்டினால் வேட்டி. 2014-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி அணிந்து வந்தாரென ஒரு மன்றத்தின் வாயிலில் தடுத்த செய்தி வாசகர்க்கு நினைவிருக்கலாம். அதன் விளைவாக, பொது இடங்களில் வேட்டி கட்டியவரைத் தடுத்தலாகாதெனச் சட்டமன்றம் அவ்வாண்டே சட்டம் இயற்றியது. சட்டம் காத்த வேட்டியை நம் முப்பது வயதினர் கட்டத் தெரியாமல் கைவிடுகிறார்கள். இடுப்பில் நழுவும் என்பார்க்கு, ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்த வேட்டி கடைகளில் கிடைக்கிறது. நான்கு முழ வேட்டி ஏறத்தாழ 2 மீட்டர். அன்றாடத்திற்கு அதுவே போதும். எட்டு முழம் விசேஷத்திற்கு.

காற்சட்டை விரும்புவோர் சாம்பல், கருநீலம், மண்நிறம் ஆகியவற்றில் இரண்டும், அவற்றுக்கெல்லாம் சேரும்படியான அரைக்கைச் சட்டை நான்கும் வைத்திருந்தால், எட்டு விதமாக மாற்றி அணியலாம். நிறமறியாது வாங்கிய பத்துச் சட்டைகளைக் காட்டிலும் இந்த நான்கு அதிக நாள் உதவும். வயிறு சற்றே முன்தள்ளியவர்கள் உடலோடு ஒட்டும் பின்னலாடையைத் தவிர்த்து, கழுத்துப்பட்டி வைத்த நெசவுத் துணிச் சட்டையை அணிவது நலம். சட்டை அவர்களுடைய வயதையும் மறைக்காது, வயிற்றையும் பறைசாற்றாது.

விலைக்கு வருவோம். மலிவு என்பது கடையில் கொடுக்கும் தொகையன்று. எத்தனை நாள் உழைக்கிறது என்பதே கணக்கு. ரூ. 300-க்கு வாங்கிய சட்டை ஆறு மாதத்தில் கழுத்து நைந்து போகிறது, ரூ. 700-க்கு வாங்கியது மூன்று ஆண்டு உழைக்கிறது என வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு மாதம் ரூ. 50, இரண்டாவதற்கு மாதம் ரூ. 20-க்கும் குறைவு. அதற்காக விலை உயர்ந்ததெல்லாம் உழைக்கும் என்று நம்பிவிட வேண்டாம். விளம்பரத்தில் நடிகர் அணிந்து வரும் சட்டையின் விலையில் நடிகரின் சம்பளமும் அடங்கியிருக்கிறது. துணியை நாமே சோதித்து அறிய வேண்டும். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடியுங்கள். சல்லடைபோல் இழைகள் விலகித் தெரிந்தால் அது கஞ்சியில் நிற்கும் துணி. இரண்டு சலவையில் துவண்டுவிடும். உள்ளங்கையில் ஒரு மூலையை இறுகக் கசக்கி விடுங்கள். தூய பருத்தி சுருக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். செயற்கை இழை மிகுந்தது உடனே விரிந்துவிடும். ஓரத்தில் பிரிந்த இழையொன்றை வீட்டில் கொளுத்திப் பார்த்தால், பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கட்டியாக உறையும். 'நூறு சதம் பருத்தி' எனச் சீட்டு ஒட்டியதும் உருகினால், அடுத்த முறை அக்கடைப் பக்கம் போகாதிருக்கலாம். அடர் நிறத் துணியாயின் ஈரக் கைக்குட்டையால் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள்; கைக்குட்டையில் நிறம் ஏறினால் அது மற்றத் துணிகளையும் கெடுக்கும். ரெடிமேட் எடுப்போர் உடையை உள்வெளியாகத் திருப்பித் தையலைப் பார்ப்பது அவசியம். ஓரத்தில் மடித்துவிட்ட துணி அரை அங்குலமேனும் இருந்தால், பின்னால் பிரித்து அகலமாக்க முடியும். இப்பருவத்தில் இஃது எவ்வளவு முக்கியமெனச் சொல்ல வேண்டியதில்லை.

நம் தையற்காரரை மறந்துவிட்டோம் என்பது நமக்கு வருத்தம். நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கு 58 அங்குல அகலத் துணியில் 1.60 மீட்டர் இருந்தால் முழுக்கைச் சட்டை தைக்கலாம். 36 அங்குல அகலமாயின் இரண்டேகால் மீட்டர் வேண்டும். துணியும் தையற்கூலியும் சேர்ந்து ரெடிமேடைவிடச் சற்று கூடலாம்; எனினும் முப்பதுக்கு மேல் உடல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவம் கொள்கிறது. கடையில் தொங்கும் அளவோ எல்லாருக்கும் ஒன்றே. தோளுக்குச் சரியாக இருந்தால் வயிற்றில் இறுகும், வயிற்றுக்குச் சரியானால் தோள் தொங்கும். பருத்தியை வெட்டுமுன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுங்கள். சுருங்க வேண்டியது முன்னரே சுருங்கிவிடும்.

எங்கே வாங்குவது? 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நிலையங்கள் பண்டிகைக் காலத்தில் கைத்தறிக்கு 30 சதவீதம் வரை தள்ளுபடி தருவது வழக்கம். நெசவாளர் கூட்டுறவுக்கும் அதனால் பயனுண்டு. திருப்பூருக்கு வேலையாகச் செல்வோர் காதர்பேட்டையில் பனியன், டீ-ஷர்ட் வகைகளைக் குறைந்த விலைக்கு எடுத்து வரலாம். ஏற்றுமதியில் கழித்த சிறு குறையுள்ள துணிகளும் அங்குண்டு, பொறுமையாகத் தேர்வோருக்கு அது நல்ல இடம். வரியையும் அறிந்து வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ. 2,500 வரையுள்ள ஆடை ஒன்றுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேற்பட்டால் 18 சதவீதம். இக்கட்டுரையில் கூறியவை யாவும் முதல் வகுப்பில் அடங்கும்.

தவணைக்குத் துணி எடுப்பதையும், மகளிர் குழுவில் தொழிலுக்கென வாங்கிய கடனைச் சேலையில் முடக்குவதையும் நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஆடு வாங்கப் பெற்ற பணம் ஆடாக இருந்தால் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விலைபோகும்; சேலையான பணம் எந்தச் சந்தையிலும் விலைபோகாது. மாதம் ரூ. 200 வீதம் ஒரு டப்பாவில் போட்டு வந்தால் ஆண்டில் ரூ. 2,400 சேரும். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என அன்றாட உடை எடுக்க அது போதும். அதை எடுக்கத் தீபாவளிக்கு முந்தைய வாரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்போது கடைக்காரருக்குத் துணியை விரித்துக் காட்டக்கூட நேரமிராது. பொங்கல் கழிந்த பின்னும், ஆடி மாதத்திலும் கடைகள் காற்றாடும். நிதானமாகப் பார்த்து எடுக்கலாம். ஆடித் தள்ளுபடியில் மட்டும், விலைச்சீட்டின் மேல் வேறொரு சீட்டு ஒட்டியிருக்கிறதா எனக் கவனியுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் பிள்ளைகள் பகுதிக்குப் போவது நம் தாய்மாரின் வழக்கம். அங்கே பணம் தீர்ந்துபோகும். "எனக்கு அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று திரும்பி விடுவார்கள். குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இவ்வாண்டு அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் மனைவியின் துணியை எடுத்து, அதற்குரிய பணத்தையும் கட்டிவிட்டுப் பிறகு பிள்ளைகள் பகுதிக்குச் செல்லுங்கள். தைக்க வேண்டியதைப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னதாகவே தையற்காரரிடம் சேர்த்து விடுங்கள். திருமணக் காற்சட்டையின் இடுப்பையும் அப்போதே பிரித்து அகலமாக்கித் தருவார்.